ஆதார் பிவிசி அட்டை: 50 ரூபாய் அட்டையும் அதன் ஜெராக்ஸ்களும்

வீட்டில் நாலு பேர், ஊரில் அம்மா, ஆக ஐந்து ஆதார் பிவிசி அட்டை வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் வாங்கியபோது ஒன்று 50 ரூபாய், ஐந்துக்கு 250. ஜிஎஸ்டியும் ஸ்பீட் போஸ்ட் செலவும் அதிலேயே அடக்கம். அட்டை எப்படி என்று மட்டும் கேட்டால், நன்றாக இருக்கிறது, வாங்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் அதை எங்கெல்லாம் நீட்டினேன், யாரெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாட்ஜ் மூன்று, கேஸ் ஏஜென்சி, வாடகை வீட்டு ஒப்பந்தம், பையனுடைய பள்ளிக்கூடம், ஒரு நகைக்கடன், ஒரு கல்யாண மண்டப முன்பதிவு, இன்னும் நினைவுக்கு வராதவை எத்தனையோ. அந்தக் காகிதங்களில் ஒன்றுகூட இப்போது எந்த மேசை டிராயரில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் அட்டையை மட்டும் பாராட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை.

முதலில் அட்டையைப் பார்ப்போம். அதற்கு முன் எங்களிடம் இருந்தது தபாலில் வந்த பழைய நீளக் காகிதம்தான். அடிப்பகுதியை வெட்டி லேமினேஷன் போட்டு வைத்திருந்தோம். மடித்த இடத்தில் எழுத்து உரிந்துபோய், எண்ணில் நடு நாலு இலக்கம் பாதி அழிந்திருந்தது. நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் அட்டையாகவே அடித்துத் தருகிறோம் என்றார்கள், சரி என்று ஒன்று வாங்கினேன். போட்டோ கரி பூசியது போல வந்தது, க்யூஆர் கோடு எந்த போனிலும் ஸ்கேன் ஆகவில்லை. வெளிக்கடையில் அடிக்கும் இந்த மாதிரி அட்டைகளில் பாதுகாப்பு அம்சம் எதுவும் கிடையாது, பயன்படுத்தாதீர்கள் என்று ஆதார் ஆணையமே 2022 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

ஆணையத்தின் சொந்த பிவிசி அட்டை 2020 அக்டோபரில் வந்தது. ஏடிஎம் கார்டு அளவு, நல்ல கனம். ஹாலோகிராம் இருக்கிறது, சின்னஞ்சிறு எழுத்து வரி இருக்கிறது, போட்டோ நிழல் போல இன்னொரு இடத்தில் மங்கலாக வருகிறது, ஆதார் சின்னம் கையால் தடவினால் தெரியும்படி புடைப்பாக இருக்கிறது. க்யூஆர் கோடு முதல் தடவையிலேயே ஸ்கேன் ஆகிறது. இரண்டு வருஷம் பர்ஸில் கிடந்தும், மழையில் ஒரு முறை நன்றாக நனைந்தும், அச்சு அழியவில்லை. ஆர்டர் போடுவதும் எளிது: ஆதார் எண், ஓடிபி, பணம், அவ்வளவுதான். 28 இலக்கத்தில் ஒரு கோரிக்கை எண் வரும், அதை வைத்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். மொபைல் எண் பதிவு செய்யாதவர்களுக்கும் வேறொரு போனுக்கு ஓடிபி வாங்கி ஆர்டர் போட முடியும் என்பதால் அம்மாவுக்கும் நானே இங்கிருந்து போட்டேன். எங்களுடையது எட்டு நாளில் வந்தது, அம்மாவுடையது இரண்டு நாள் தள்ளி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த அட்டை இல்லாவிட்டால் ஆதார் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய காகிதக் கடிதம், இணையத்தில் இறக்கிக்கொள்ளும் இ-ஆதார், போனில் இருக்கும் எம்-ஆதார், இந்த பிவிசி அட்டை, நாலுக்கும் ஒரே மதிப்புதான். பர்ஸில் வைக்க வசதி என்பதற்காகத்தான் வாங்க வேண்டும். என் குறை ஒன்றே ஒன்று. 12 இலக்கமும் முன்பக்கத்தில் பெரிதாக அச்சாகியிருக்கிறது, பின்பக்கம் முழு முகவரி. அட்டையைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தாலே போதும், ஆள் யார், எந்த வீடு, எந்த எண் எல்லாம் தெரிந்துவிடும்.

செலவைப் பற்றிப் பேசும்போது பலரும் ஆதார் இலவசம் என்பார்கள். முதல் பதிவு இலவசம்தான், மறுக்கவில்லை. ஐந்து வயதுக்குள் குழந்தைக்குக் கைரேகை இல்லாமல் கொடுக்கும் நீலநிற ஆதாரும் இலவசம். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்புக்கும் உரிய வயதில் போனால் பணம் கிடையாது. பையனுக்கு 15 முடிந்ததும் கூட்டிப்போனேன், ஒரு ரூபாய் வாங்கவில்லை. மற்றதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு. 2025 அக்டோபர் 1 முதல் முகவரி, பெயர் மாதிரி விவரம் மாற்ற 75 ரூபாய், கைரேகை, கருவிழி புதுப்பிக்க 125 ரூபாய். அதற்கு முன் 50, 100 என்று இருந்தது.

இந்தத் தொகைகள் பெரிதில்லைதான். பெரிய செலவு வேறு இடத்தில் வந்தது. பான் கார்டோடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். கெடு தாண்டியவர்கள் 2022 ஜூன் கடைசிவரை 500 ரூபாய், அதற்குப் பிறகு 1,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு பானில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். நம் ஆட்களுக்கு இனிஷியல் பழக்கத்தால் இந்தத் தொல்லை எவ்வளவு பேருக்கு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் ஆதாரில் பெயரைத் திருத்தி, அது ஏறும்வரை காத்திருந்து, அதற்குள் கெடு போய், 1,000 ரூபாய் கட்டித்தான் இணைத்தோம். இரண்டு அரை நாள் சம்பளம் போனது தனி. அவருக்காவது மாதச் சம்பளம். தினக்கூலிக்குப் போகிறவர் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் அன்றைய அடுப்பு எரிவது கஷ்டம். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது இபி அலுவலக வாசலில் நின்ற வரிசையை நம்மில் பலர் பார்த்தோம். கெடுவைத் தள்ளித் தள்ளி 2023 பிப்ரவரி 28 வரை கொண்டுபோனார்கள். மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை என்று சொல்வது சரி, ஆனால் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றவரின் நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

அப்புறம் இடைத்தரகு. ஒரு கடையில் முகவரி மாற்றித் தர 300 ரூபாய் கேட்டார்கள். முகவரியை நாமே இணையத்தில் ஆவணத்தை ஏற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று தெரியாதவர்கள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதிகமாகக் கேட்டால் 1947 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இனி அந்தரங்கம். எனக்கு இதுதான் முக்கியம்.

சென்ற வருஷம் ஒரு ஊருக்குக் குடும்பத்தோடு போனோம். லாட்ஜில் நாலு பேர் ஆதாரும் கேட்டார்கள். நான் போனில் வைத்திருந்த மறைப்பு ஆதாரைக் காட்டினேன். மறைப்பு ஆதார் என்றால் முதல் எட்டு இலக்கம் எக்ஸ் எழுத்தாக மறைந்து கடைசி நாலு மட்டும் தெரியும், ஆணையத்தின் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மாஸ்க்டு ஆதார் என்று இருக்கும். கவுன்ட்டரில் இருந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இது டூப்ளிகேட் மாதிரி இருக்குக்கா, ஒரிஜினல் குடுங்க" என்றார். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள், பெயரும் போட்டோவும் வரும் என்றேன். "எங்ககிட்ட அதெல்லாம் கிடையாது, ஜெராக்ஸ்தான்" என்றார். இரவு பத்தரை மணி, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறார்கள். கொடுத்தேன். நாலு அட்டையின் இரண்டு பக்கமும் ஒரு தாளில் வரிசையாக ஜெராக்ஸ் எடுத்து, ஏற்கெனவே ஒரு சாண் உயரத்துக்கு இருந்த கட்டின் மேல் வைத்தார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலே இருப்பவர் சொன்னதைச் செய்தார். ஆனால் அந்தக் கட்டில் எத்தனை குடும்பம் இருந்திருக்கும்!

2022 மே மாதம் 27ஆம் தேதி ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் நகலை யாரிடமும் அப்படியே கொடுக்காதீர்கள், மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், உரிமம் இல்லாத ஹோட்டலோ சினிமா தியேட்டரோ நகலை வாங்கி வைக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. இரண்டே நாளில், 29ஆம் தேதி, மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றார்கள். எனக்கு அன்று வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அந்த ஒரு தாள் நிலைத்திருந்தால் கவுன்ட்டரில் நான் அதைக் காட்டியிருப்பேன். மறைப்பு ஆதார் என்ற நல்ல கருவியை உருவாக்கிவிட்டு, எதிரில் இருப்பவர் அதை ஏற்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லாமல் விட்டால் அது யாருக்குப் பயன்படும்?

ஜெராக்ஸ் கடைக் கதை இதைவிட மோசம். பிரின்ட் எடுக்கப் போனால் கடைக்காரர் தன் வாட்ஸ்அப் எண்ணைச் சொல்லி, அதற்கு அனுப்புங்கள் என்பார். நாமும் அனுப்பிவிடுகிறோம். நான் ஒரு முறை திரையைப் பார்த்தேன், கணினியில் வரிசையாகப் பிடிஎஃப், எல்லாம் ஆதார், அந்த வாரம் வந்தவர்கள் அத்தனை பேருடையதும். பூட்டியிருக்குமே என்று கேட்கலாம். இ-ஆதாரின் கடவுச்சொல் என்ன என்று உங்களுக்கே தெரியும்: பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். எல்லாருக்கும் இதே விதி. கடைக்காரர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி: பேர் என்ன, எந்த வருஷம்? பூட்டைச் செய்தவர்களே சாவி எங்கே தொங்குகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கடையில் பிரின்ட் எடுத்தால், எடுத்த கையோடு எனக்கு முன்னாலேயே அழிக்கச் சொல்கிறேன். கோபப்பட்டால் படட்டும்.

எண் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தொலைபேசி எண், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். அது எங்கள் தரவுத்தளத்திலிருந்து வரவில்லை, வேறு பொது இடங்களில் இருந்ததுதான் என்று ஆதார் ஆணையம் விளக்கம் கொடுத்தது. அது உண்மையாகவே இருக்கட்டும். என் பயமும் அதுதானே. பெங்களூருவிலும் மானேசரிலும் ஆதார் தரவு இருக்கும் பெரிய கிடங்கை யாரோ உடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள் என்பதல்ல என் கவலை. பள்ளிக்கூடம், கேஸ், லாட்ஜ், கடன் என்று பத்து இடத்தில் பத்துத் துண்டாகக் கிடக்கும் என் வாழ்க்கையை, ஒரே எண்ணை நூலாக வைத்துக் கோத்துவிடலாம் என்பதுதான். அதே வருஷம் ஜனவரியில் தி டிரிப்யூன் நாளிதழ், 500 ரூபாய் கொடுத்துப் பத்து நிமிடத்தில் யாருடைய விவரத்தையும் பார்க்கும் வழி கிடைத்தது என்று எழுதியது. கைரேகை, கருவிழி மாதிரி உயிரளவைத் தரவு எதுவும் வெளியாகவில்லை என்று ஆணையம் சொன்னது. சொன்ன கையோடு செய்தியாளர் மீதும் வழக்குப் பதிவானது. 2017இல் சிஐஎஸ் என்ற ஆய்வு அமைப்பு, நாலு அரசுத் திட்டத் தளங்களில் மட்டும் சுமார் 13 கோடி பேரின் ஆதார் எண் வெளியில் தெரியும்படி கிடந்தது என்று கணக்கிட்டது. உடைத்து எடுக்கவில்லை, சும்மா திறந்து கிடந்தது.

கைரேகைதான் இன்னும் பயம். ஊர்ப்பக்கம் வங்கி முகவர்கள் ஒரு சின்ன மெஷின் வைத்திருப்பார்கள், ஆதார் எண்ணும் வங்கி பெயரும் சொல்லி விரல் வைத்தால் பணம் எடுத்துத் தருவார்கள். ஏஇபிஎஸ் என்று பெயர். வங்கி இல்லாத ஊரில் வயசானவர்களுக்கு இது பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. எண்ணும் ரேகையும் இருந்தால் போதும். 2018இல் தெலங்கானாவில் ஒருவர், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை நகலெடுத்து அச்சு செய்து, அதை வைத்து சிம் கார்டுகளை இயக்கிப் பிடிபட்டார். பிறகு இதே வழியில் ஏஇபிஎஸ் மூலம் பணம் எடுத்த வழக்குகளும் பல மாநிலங்களில் வந்தன. நாமும் பத்திரத்தில் கைரேகை வைக்கிறவர்கள்தான்.

இதற்குத்தான் கைரேகைப் பூட்டு இருக்கிறது, பயோமெட்ரிக் லாக். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் இதைப் பற்றித் தெரிந்தவர்கள்தான் குறைவு. ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ போய்ப் பூட்டிவிட்டால் உங்கள் விரலையோ கருவிழியையோ வைத்து யாராலும் ஆதார் சரிபார்ப்பு செய்ய முடியாது. தேவைப்படும்போது ஓடிபி போட்டுத் தற்காலிகமாகத் திறந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். கூடவே, கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் பார்க்கலாம், 50 பதிவு வரை காட்டும். நான் மாதம் ஒரு முறை பார்க்கிறேன். இதுவரை எனக்குத் தெரியாதது எதுவும் அதில் வரவில்லை. ஆனால் ஜெராக்ஸ் எடுத்தது எதுவும் இந்தப் பட்டியலில் வராது என்பதையும் மறக்காதீர்கள். 12 இலக்கத்துக்குப் பதில் 16 இலக்கத்தில் மெய்நிகர் எண் ஒன்றும் உண்டு, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். அருமையான யோசனை. இதுவரை ஒரு கவுன்ட்டரில்கூட அதைக் கேட்டு வாங்கியவர் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலருக்குக் குழப்பம் இருப்பதால் சுருக்கமாக. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் போட்ட வழக்கில்தான் எல்லாம் ஆரம்பம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து பேர் அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதார் சட்டம் செல்லும் என்றது. ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் கட்டாயமில்லை, பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயமில்லை, தனியார் கம்பெனிகள் கேட்பதற்கு வழி செய்த 57ஆவது பிரிவு அந்த அளவில் செல்லாது, சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. அரசு மானியமும் பான் இணைப்பும் மட்டும் கட்டாயமாகத் தொடர்ந்தன. 2019இல் சட்டத்தைத் திருத்தி, விரும்பினால் வங்கிக்கும் சிம்முக்கும் கொடுக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். விரும்பினால் என்ற அந்த வார்த்தை கவுன்ட்டருக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது. அதே திருத்தத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: சிறு வயதில் ஆதார் எடுத்த பிள்ளைகள் 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் வேண்டாம் என்று ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம். என் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், முடிவு அவனுடையது.

அந்தத் தீர்ப்பில் தனியாக நின்று எதிர்த்து எழுதியவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். 2019இல் ஜமைக்கா நாட்டு நீதிமன்றம் அவர்களுடைய தேசிய அடையாளத் திட்டச் சட்டத்தைச் செல்லாது என்று சொன்னபோது இந்த மாறுபட்ட தீர்ப்பைத்தான் பெரிதும் எடுத்துக்காட்டியது. இங்கே தோற்ற வாதம் கடல் தாண்டிப் போய் ஜெயித்தது.

மற்ற நாடுகளையும் கொஞ்சம் பார்த்தேன், நம்முடையது எவ்வளவு தேவலை, எங்கே மோசம் என்று தெரிந்துகொள்ள. பிரிட்டனில் 2006இல் அடையாள அட்டைச் சட்டம் கொண்டுவந்தார்கள். பத்து வருஷத்துக்கு 1,060 கோடியிலிருந்து 1,920 கோடி பவுண்ட் வரை ஆகலாம் என்று லண்டன் பொருளாதாரக் கல்லூரி அதற்கு முந்தைய வருஷமே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது. அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2009இல் மான்செஸ்டரில் 30 பவுண்டுக்கு அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள், 2010இல் ஆட்சி மாறியதும் திட்டத்தையே கைவிட்டு, 2011 பிப்ரவரியில் பதிவேடு இருந்த வட்டுகளைப் பொடியாக்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. ஜெர்மனியிலும் தேசிய அடையாள அட்டை உண்டு, கைரேகையும் உண்டு, ஆனால் அந்த ரேகை அட்டையின் சிப்புக்குள் மட்டும்தான் இருக்கும், நாடு முழுமைக்கும் ஒரே கிடங்கில் சேர்த்துவைக்க மாட்டார்கள். அட்டையின் வரிசை எண்ணை வைத்து ஒரு கோப்பையும் இன்னொரு கோப்பையும் இணைப்பதற்கும் சட்டத்தில் தடை. நான் மேலே சொன்ன நூல் கோக்கும் வேலையை அவர்கள் முதலிலேயே யோசித்துத் தடுத்திருக்கிறார்கள். இலங்கைத் தேசிய அடையாள அட்டை எண்ணில் பிறந்த வருஷமும், வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பதும் அப்படியே இருக்கும், பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். எண்ணைப் பார்த்தாலே வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். ஆதார் எண் அப்படி இல்லை, அதற்குள் எந்த விவரமும் ஒளிந்திருக்காது, கடைசி இலக்கம் எண் சரியா என்று பார்க்க மட்டும். இந்த ஒன்றில் ஆதாரை வடிவமைத்தவர்களுக்கு என் முழுப் பாராட்டு.

மதிப்பெண் கேட்டால், அட்டைக்கு ஐந்துக்கு நாலு. இணையச் சேவைக்கும் நாலு தரலாம். கட்டணத்துக்கு மூன்று. நம் விவரத்தை எதிரில் இருப்பவரிடமிருந்து காப்பாற்றுவதில் ஒன்றரைக்கு மேல் கொடுக்க முடியவில்லை, அந்த ஒன்றரையும் கைரேகைப் பூட்டுக்காக. சரிபார்க்கும் மெஷினோ ஸ்கேனரோ இல்லாதவர் ஆதார் கேட்கவே கூடாது, ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு விட வேண்டும், காகிதம் வாங்கி வைத்தால் அபராதம் என்று ஒரு விதி வந்து, அதை நிஜமாகவே நடைமுறைப்படுத்தினால் அடுத்த நாளே நாலாக மாற்றுவேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, படிப்படியாகத்தான் அமலாகும். அந்த லாட்ஜ் கட்டு வரை அது போய்ச் சேருகிறதா என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

நீங்கள் அட்டை ஆர்டர் போடும் அன்றே மூன்று வேலை செய்துவிடுங்கள். கட்டணத்தைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகிறது. மறைப்பு ஆதாரை இறக்கி நாலைந்து பிரின்ட் எடுத்து வையுங்கள், போனில் காட்டினால் நம்பாதவர்கள் காகிதத்தில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறார்கள், இது என் அனுபவம். கட்டாயம் முழு நகல்தான் என்றால் அதன் மேலேயே குறுக்காக, எழுத்தின் மேல் படும்படி, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கைரேகையைப் பூட்டிவிடுங்கள்.

பூட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ரேஷன். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, அறுபது வருஷம் வயலிலும் அடுப்படியிலும் உழைத்த கை, ரேகை தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு விரலாக வைத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்து, சில மாதம் நாலாவது தடவையில் ஏறும், சில மாதம் ஏறவே ஏறாது. இப்போது கருவிழி பார்க்கும் கருவி வந்தபின் கொஞ்சம் பரவாயில்லை. முடியாதவர்கள் வேறொருவரை நியமித்துப் படிவம் கொடுக்கவும் வழி இருக்கிறது, அதை விசாரித்துச் செய்துவிடுங்கள். நம்மூரில் விரல் ஏறாவிட்டால் ஏதோ ஒரு வழியில் அரிசி கிடைத்துவிடுகிறது. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஆதார் இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தாகி, 11 வயதுச் சிறுமி ஒருத்தி பசியால் இறந்தாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மலேரியா என்றது அரசு. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, அம்மாவின் விரலைப் பூட்டலாமா வேண்டாமா என்று எனக்கு ரொம்ப நாள் மனசு தள்ளாடியது.

கடைசியில் பூட்டினேன். கணக்கில் உதவித்தொகை வருகிறது, ஊரில் மெஷின் வைத்திருக்கும் முகவர்களும் இருக்கிறார்கள், பத்திரத்திலும் அம்மாவின் ரேகை இருக்கிறது. அட்டை வாங்கிய பிறகு, ஓடிபி என் போனுக்கு வரும்படி பதிவு செய்துவிட்டோம். ரேஷன் போடும் நாளில் அம்மா கடை வாசலிலிருந்து கூப்பிடுவார். முதல் இரண்டு மாதம் சீக்கிரமே திறந்துவிட்டு, வரிசை நகர்வதற்குள் மறுபடி பூட்டிக்கொண்டு, விரலை ஏற்காமல் போனது. இப்போது அம்மாவே நேரத்தைக் கணித்துவிட்டார். போன மாதம் நான் அலுவலகத்தில் வேலையாக இருந்தபோது கூப்பிட்டு, "எனக்கு முன்னால ரெண்டே பேருதான் இருக்காங்க, இப்பத் தொற" என்றார். திறந்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பு: "அரிசி வாங்கிட்டேன், பூட்டிக்கிச்சான்னு ஒரு தடவ பாத்துரு."